கஞ்சா மருந்தைப் பயன்படுத்திய நோயாளி கைதானால்: சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள் என்னென்ன?

மும்பை: கீமோதெரபிக்குப் பின் நிற்காத குமட்டல், தண்டுவட நோயால் இறுகிப்போகும் தசைகள், மாத்திரைகளுக்கு அடங்காத குழந்தைப் பருவ வலிப்பு. இந்தத் துன்பங்களுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்துகள் ஓரளவு பயன் தருகின்றன என்பதைப் பல நாடுகளின் மருத்துவ அமைப்புகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் அதே பொருளை மும்பையில் ஒரு நோயாளி வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால், காவல் நிலையப் பதிவேட்டில் அவர் நோயாளி அல்லர். போதைப்பொருள் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்.

பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலும் இருந்து புற்றுநோயாளிகள் வருகின்றனர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வருவோரும், மும்பையிலேயே தலைமுறைகளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. 'விஜயா எண்ணெய்', 'சி.பி.டி. எண்ணெய்' என்ற பெயர்களில் இணையத்தில் விற்கப்படும் புட்டிகளும், அண்டை வீட்டார் பரிந்துரைக்கும் 'கைமருந்தும்' இத்தகைய குடும்பங்களின் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. இவற்றுள் எது சட்டத்துக்கு உட்பட்டது, எது சிறைக்கு இட்டுச் செல்லும் என்பது வாங்குவோரில் பலருக்குத் தெரிவதில்லை.

இதற்கான விடை, போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985 என்னும் என்.டி.பி.எஸ். சட்டத்தில் இருக்கிறது. விந்தை என்னவென்றால், போதைக்கு அடிமையானவருக்கு அச்சட்டத்தில் வழக்கிலிருந்து வெளியேற ஒரு கதவு உண்டு. வலிக்காகக் கஞ்சாவைப் பயன்படுத்தும் நோயாளிக்கு அப்படியொரு கதவு இல்லை.

'மருத்துவப் பயன்' என்ற சொல்

சட்டத்தின் 8-ஆம் பிரிவு போதைப்பொருள்களை விளைவிப்பது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, பயன்படுத்துவது அனைத்தையும் தடை செய்கிறது. அதே பிரிவில், மருத்துவ அல்லது அறிவியல் பயன்களுக்கு விலக்கும் உண்டு. இதைப் படிக்கும் எவருக்கும், 'மருந்தாகத்தானே வைத்திருந்தோம்' என்ற வாதம் எளிதாகத் தோன்றும். ஆனால் விலக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் அனுமதிக்கும் முறையிலும் அளவிலும், உரிமமோ அனுமதியோ தேவைப்படும் இடத்தில் அவற்றின்படியும் அந்தப் பயன்பாடு அமைய வேண்டும். நோய் உண்மையாக இருப்பது மட்டும் போதாது. அனுமதித் தாளும் இருக்க வேண்டும். தனிப்பட்ட நோயாளிக்குக் கஞ்சா வைத்துக்கொள்ளும் அனுமதித் தாளை வழங்கும் ஏற்பாடு நாட்டில் இல்லை.

இதே சட்டம் பிற மருந்துகளிடம் இவ்வளவு கடுமை காட்டுவதில்லை. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற மாத்திரைகள் மனமயக்கப் பொருள்களின் பட்டியலில் உள்ளவை. ஆனால் 1985-ஆம் ஆண்டு விதிகளின் 66-ஆம் விதி, தன் சொந்த மருத்துவத் தேவைக்காக ஒருவர் ஒரே நேரத்தில் 100 வேளை மருந்து வரை வைத்திருக்க இடமளிக்கிறது. நீண்டகாலச் சிகிச்சைக்கென மருத்துவர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வேளை வரை வைத்திருக்கலாம். கஞ்சாவோ 'மனமயக்கப் பொருள்' என்ற வகையில் வராமல், அபின், கோக்கா இலை ஆகியவற்றுடன் 'போதை மருந்து' என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்த விதியின் நிழல் அதன்மீது விழுவதில்லை.

மார்ஃபின் வரலாறு இன்னும் பொருத்தமான ஒப்பீடு. 1985-க்குப் பிறகு, ஒவ்வொரு மாநிலமும் விதித்த பல்வேறு உரிமங்களால் புற்றுநோய் மருத்துவமனைகள்கூட மார்ஃபின் வாங்கத் தயங்கின. வலி நிவாரண மருத்துவர்கள் நெடுங்காலம் போராடியதன் விளைவாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. 'இன்றியமையாத போதை மருந்துகள்' என்ற புதிய வகை உருவாக்கப்பட்டு, 2015-இல் மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் சேர்க்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒற்றை அனுமதியில் இவற்றை வாங்கி நோயாளிக்கு வழங்கலாம். கஞ்சா அந்தப் பட்டியலில் இல்லை.

மாநில அரசுக்கு இதில் அதிகாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 10-ஆம் பிரிவின்படி, சரஸ் நீங்கலாக, கஞ்சாவின் உற்பத்தி, உடைமை, விற்பனை, நுகர்வு ஆகியவற்றை விதிகள் வகுத்து அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநிலங்களுக்கு உரிமை உண்டு. மகாராஷ்டிரம் நோயாளிகளுக்கென அப்படியொரு விதியை வகுத்தால், மும்பையில் இன்று குற்றமாக இருப்பது அனுமதிக்கப்பட்ட சிகிச்சையாக மாறக்கூடும்.

எடைதான் தலையெழுத்து

கஞ்சா வழக்கில் தண்டனையை முடிவு செய்வது பெரும்பாலும் தராசு. 2001 அக்டோபர் 19-ஆம் தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி, கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறு அளவு'. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. சரஸ் எனப்படும் பிசினுக்கு இவை முறையே 100 கிராம், 1 கிலோ. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். சிறு அளவைத் தாண்டி வணிக அளவை எட்டாத எடைக்கு 10 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு.

ஒரு கிலோ என்ற வரம்பைப் பார்க்கும் நோயாளி, 'நம்மிடம் இருப்பது ஒரு புட்டிதானே' என்று ஆறுதல் கொள்ளக்கூடும். இடர் அங்கேதான் இருக்கிறது. பிரித்தெடுத்த பிசினையும், அதைச் செறிவாக்கிச் செய்த எண்ணெயையும் சட்டம் 'சரஸ்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. எனவே எண்ணெய்ப் புட்டிக்குப் பொருந்தும் வரம்பு 1 கிலோவாக இல்லாமல் 100 கிராமாகச் சுருங்கிவிடக்கூடும்.

அத்துடன், 2020 ஏப்ரல் 22-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பும் உண்டு. போதைப்பொருளுடன் வேறு பொருள் கலந்திருந்தால், கலவையின் முழு எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்த அமர்வு கூறியது. கடத்தல்காரர்களை மனதில் வைத்துத் தரப்பட்ட தீர்ப்பு அது. ஆனால் நோயாளியையும் அது எட்டும். சில கிராம் பிசினைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து 150 கிராம் எடையுள்ள மருந்தாக வைத்திருப்பவரை நினைத்துப் பார்க்கலாம். முழு எடையையும் கணக்கிட வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டு, நீதிமன்றம் அதை ஏற்றால், ஓராண்டு தண்டனைக்குரிய வழக்கு 10 ஆண்டு தண்டனைக்குரிய வழக்காகிவிடும். இத்தகைய வழக்கில் எதிர்தரப்பு வழக்கறிஞரின் முதல் வேலை, பிடிபட்ட பொருள் சட்டத்தின் மொழியில் என்னவென்று கேட்பதுதான்.

இலையா, பூவா?

என்.டி.பி.எஸ். சட்டத்தில் 'கஞ்சா' என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை மட்டுமே குறிக்கும். நுனியுடன் சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இந்த இடைவெளியில்தான் பாங்கு பானமும் ஆயுர்வேத மருந்துகளும் பிழைத்திருக்கின்றன.

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் 'இ(1)' அட்டவணை, ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவ முறைகளில் பயன்படும் நச்சுப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. கஞ்சாச் செடி அதில் உண்டு. அத்தகைய பொருள் சேர்ந்த மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியில் அச்சிடப்பட வேண்டும். 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில் இன்று சந்தையில் உள்ள எண்ணெய்களும் மாத்திரைகளும் மாநில ஆயுஷ் உரிமத்தின் கீழ் தயாரிக்கப்படுகின்றன. இலையிலிருந்து எடுத்த சாறு என்பதே அவற்றின் சட்ட அடித்தளம். ஆகவே பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு, கடை அல்லது நிறுவனத்தின் விலைச்சீட்டு, உரிம எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட உறை ஆகிய மூன்றையும் தூக்கி எறியாமல் வைத்திருப்பவரின் நிலை, பெயரற்ற புட்டியுடன் பிடிபட்டவரின் நிலையைவிடப் பன்மடங்கு மேலானது. பழைய மருந்துப் புட்டியைக் கழுவி, அதில் வேறு எண்ணெயை ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது பெரிய வம்பில் முடியலாம்.

நீதிமன்றங்கள் இந்த வரையறையைக் கவனத்துடன் படிக்கத் தொடங்கியுள்ளன. 2022 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி பாரதி டாங்ரே, சுமார் 48 கிலோ கஞ்சா பிடிபட்டதாகக் கூறப்பட்ட வழக்கில் ஜாமீன் வழங்கினார். பூக்கும் நுனியுடன் சேராத இலையையும் விதையையும் கஞ்சாவாக எடைபோட முடியாது என்பது அந்த உத்தரவின் சாரம். அதே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் வராது என்று கூறி மற்றொருவருக்கு ஜாமீன் அளித்தது. இரண்டுமே வணிகம் தொடர்பான வழக்குகள். ஆனால் அவற்றில் எழுந்த கேள்வி நோயாளியின் வழக்குக்கும் அப்படியே பொருந்தும். போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. இலையிலும் உண்டு. எனவே தடயவியல் அறிக்கை 'டி.எச்.சி. கண்டறியப்பட்டது' என்று மட்டும் சொன்னால், பொருள் இலையிலிருந்து வந்ததா, பூவிலிருந்து வந்ததா என்பது முடிவாவதில்லை. மும்பையில் இத்தகைய சோதனைகள் கலினாவில் உள்ள அரசு தடயவியல் ஆய்வகத்தில் நடக்கின்றன. அதன் அறிக்கையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்பதில்தான் பல வழக்குகளின் திசை தங்கியிருக்கிறது.

ஆனால் என்.டி.பி.எஸ். சட்டத்திலிருந்து இலை தப்பினாலும் மகாராஷ்டிரத்தில் வழக்கு முடிந்துவிடாது. 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கு பாங்கையும் கட்டுப்படுத்துகிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது அதன்படி குற்றம். தண்டனை ஒப்பீட்டளவில் சிறியது என்பது மட்டுமே வேறுபாடு.

சோதனை நடக்கும் இரவு

வழக்கு விசாரணை தொடங்குவதற்கு முன்பே, சோதனை நடந்த விதத்தில் பல போதைப்பொருள் வழக்குகள் வலுவிழக்கின்றன. 50-ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தெரிவிக்க வேண்டும். இதை ஒப்புக்குச் செய்யாமல் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2010-இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியது. எனினும் இந்தப் பாதுகாப்பு உடலுக்கு மட்டுமே. கையில் இருக்கும் பைக்கு இது பொருந்தாது. நோயாளியின் மருந்து பெரும்பாலும் பையிலோ அலமாரியிலோதான் இருக்கும் என்பதால், 50-ஆம் பிரிவை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வீட்டைச் சோதிப்பதற்கு 42-ஆம் பிரிவு. கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரிய மறைவுக்கும் உதயத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் வாரண்ட் இன்றி நுழைந்தால் அதற்கான காரணத்தையும் பதிய வேண்டும். மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பதை 2016-இல் மோகன்லால் வழக்கு உறுதிப்படுத்தியது. ஆனால் மாதிரி எடுப்பதில் ஏற்படும் குறை மட்டுமே வழக்கைத் தானாக வீழ்த்திவிடாது என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பதற்றத்தில் நோயாளிகளும் உறவினர்களும் செய்யக்கூடியது, அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் 'விளக்கி'ச் சொல்லிவிடுவது. யாரிடம் வாங்கினோம், எத்தனை மாதமாக, எவ்வளவு என்பதெல்லாம் வாக்குமூலமாகிவிடும். இங்கே தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கு துணை நிற்கிறது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2020 அக்டோபர் 29-இல் உச்ச நீதிமன்றம், என்.டி.பி.எஸ். சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரிகளும் காவல்துறை அதிகாரிகளுக்கு நிகரானவர்களே என்றும், 67-ஆம் பிரிவின் கீழ் அவர்கள் பதிந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல் மொழி. பஞ்சநாமா பெரும்பாலும் மராத்தியில் எழுதப்படுகிறது. தாராவியில் பத்தாண்டுகள் வாழ்ந்தவருக்கும் பேச்சு இந்தி போதும். மராத்தியில் எழுதிய நான்கு பக்கத்தைப் படித்துக் கையொப்பமிட அது போதாது. புரியாத மொழியில் காரணம் சொல்வது, காரணம் சொன்னதாகாது என்பதை 1962-லேயே ஹரிகிசன் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற தடுப்புக்காவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. 2025 நவம்பர் 6-இல், மும்பையிலிருந்தே சென்ற மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றத்துக்கான கைதாக இருந்தாலும் அதற்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. உடனே எழுத்தில் தர இயலாத சூழலில் வாய்மொழியாகச் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்து கையில் கிடைத்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் தமிழில் கேட்கலாம். அது சலுகை அன்று, உரிமை.

ஜாமீன் என்னும் முதல் போர்

சிறு அளவு வழக்குகளில் ஜாமீன் உரிமையா, நீதிமன்றத்தின் விருப்பமா என்பதில் மும்பை உயர் நீதிமன்றத்திலேயே இரு கருத்துகள் வந்துள்ளன. 2010-இல் ஸ்டெஃபான் முல்லர் வழக்கில், சிறு அளவு தொடர்பான குற்றம் ஜாமீனில் விடத்தக்கது என்று அது கூறியது. 2020 அக்டோபரில் நடிகை ரியா சக்ரவர்த்தி வழக்கில் நீதிபதி சாரங் கோட்வால், இச்சட்டத்தின் கீழ் வரும் எல்லாக் குற்றங்களும் ஜாமீனில் விட இயலாதவையே என்று முடிவு செய்தார். அந்த உத்தரவிலேயே ரியாவுக்கு ஜாமீனும் கிடைத்தது. விட இயலாதவை என்றால் ஜாமீனே கிடைக்காது என்று பொருளில்லை. அதை வழங்குவது நீதிமன்றத்தின் முடிவு என்பதே பொருள்.

வணிக அளவு வழக்குகளில் நிலைமை வேறு. 37-ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் நிறைவடைந்தாலன்றி ஜாமீன் கிடையாது. கறுப்புப்பண வழக்குகளுக்கான பி.எம்.எல்.ஏ. சட்டத்தில்கூட, நோயுற்றவருக்கும் உடல் நலிந்தவருக்கும் இந்த நிபந்தனையைத் தளர்த்தும் வரி உண்டு. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. நோயாளியின் எண்ணெய்ப் புட்டி அந்த அளவை எட்டுவது அரிது என்பது மட்டுமே இதில் ஆறுதல்.

சிறு அளவு வழக்குகளில், ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தானாக நிகழக்கூடாது என்ற அர்னேஷ் குமார் வழக்குத் தீர்ப்பையும் வழக்கறிஞர்கள் முன்வைக்கலாம். மருத்துவமனைக் கோப்பு, கீமோதெரபி அட்டவணை, அடுத்த ஸ்கேன் தேதி ஆகியவற்றை முதல் நாளிலேயே மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது இங்கே பயன் தரும்.

அடிமைக்குத் திறக்கும் கதவு

64ஏ பிரிவு, சிறு அளவு அல்லது நுகர்வு வழக்கில் சிக்கிய 'அடிமை' ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை பெறத் தானாக முன்வந்து, அதைப் பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தலாகாது என்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். இது தாளில் மட்டும் கிடக்கும் பிரிவு அன்று. 2001-இல் மும்பையில் கோகைன் வழக்கில் கைதான நடிகர் ஃபர்தீன் கானுக்கு, போதை மீட்புச் சிகிச்சை பெற்றதன் பேரில், 2012-இல் சிறப்பு நீதிமன்றம் இந்தப் பிரிவின்படி விலக்கு அளித்தது.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பெண் இந்தக் கதவின் வழியே வெளியேற வேண்டுமானால், தான் போதைக்கு அடிமை என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் வரையறைப்படி, போதைப்பொருளைச் சார்ந்து வாழ்பவரே அடிமை. குமட்டலை அடக்க இரவில் நான்கு சொட்டு எடுத்துக்கொள்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அப்படியே வந்தாலும், அவருக்குக் கிடைக்கும் நிவாரணம் எது தன் வலியைக் குறைத்ததோ அதை நிறுத்தும் சிகிச்சைதான். நோயைக் காட்டி விடுதலை கேட்க வழியில்லை. வேறொரு நோயைச் சூட்டிக்கொண்டு கேட்க வழியுண்டு. மருந்தின் மருத்துவப் பயன் இந்த வழியில் ஒருபோதும் நீதிமன்றத்தின் முன் வாதமாக வைக்கப்படுவதே இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நுகர்வுக்கான 27-ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவரை நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. வைத்திருந்ததற்கான 20-ஆம் பிரிவில், 18 வயதைக் கடந்தவர்களுக்கு 33-ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிடுகிறது. குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதில் வழக்கறிஞர் கண் வைக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

'வேறு வழியில்லை' என்ற வாதம்

வெளிநாடுகளில் நோயாளிகள் இதை நேரடியாகவே வாதிட்டுப் பார்த்தனர். 1976-இல் வாஷிங்டனில், கண் அழுத்த நோயால் பார்வையை இழந்துகொண்டிருந்த ராபர்ட் ராண்டல், பார்வையைக் காக்க வேறு வழியில்லாததால் கஞ்சா வளர்த்ததாக வாதிட்டு விடுதலை பெற்றார். 2000-இல் கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கரின் வழக்கில், மருத்துவ விலக்கு இல்லாத தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. மறு ஆண்டே அந்நாடு நோயாளிகளுக்கான விதிகளை வகுத்தது.

இந்த வாதம் எல்லா இடங்களிலும் வெல்லவில்லை. 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓக்லண்ட் கூட்டுறவு அமைப்பின் வழக்கில் அதை நிராகரித்தது. 2005-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குவேல் வழக்கில் நிராகரித்தது. பிரிட்டனில் நோயாளிகளுக்கு வழி பிறந்தது நீதிமன்றத்தில் அன்று. வலிப்பு நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் நடத்திய போராட்டத்துக்குப் பின், 2018 நவம்பர் 1 முதல் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்தை எழுதித்தர அரசே அனுமதித்தது.

இந்தியாவில் இந்த வாதத்துக்கு மிக நெருக்கமான சட்டப்பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 81. பெரிய தீங்கைத் தவிர்க்க, குற்ற நோக்கமின்றி, நல்லெண்ணத்துடன் செய்த செயல் குற்றமாகாது என்பது அதன் கருத்து. ஆனால் என்.டி.பி.எஸ். சட்டம் எதிர்த்திசையில் நிற்கிறது. அதன் 35-ஆம் பிரிவு, குற்ற மனநிலை இருந்ததாகவே முதலில் அனுமானிக்கிறது. இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது விழுகிறது. மருந்துப் பயன்பாட்டுக்கென வைத்திருந்த மனமயக்கப் பொருள்களுக்கு ஓரளவு தளர்வு தந்த 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் 2014-இல் சஞ்சீவ் தேஷ்பாண்டே வழக்கில் மாற்றப்பட்டுவிட்டது.

எஞ்சியிருப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு. உயிர் வாழும் உரிமைக்குள் சிகிச்சை பெறும் உரிமையும் அடங்கும் என்பதை 1996-இல் பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த உரிமையை ஒரு குறிப்பிட்ட மருந்துக்கான உரிமையாக நீட்டுவது எளிதன்று. அதற்கு மருத்துவச் சான்று வலுவாக இருக்க வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமிகள் 2017-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபிக் குமட்டல், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகியவற்றில் போதிய சான்று இருப்பதாகக் கூறியது. 2018 ஜூனில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இரு வகைக் கடும் வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. மருந்தை அனுமதித்தது. கஞ்சா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதற்கு இத்தகைய சான்று இல்லை. அப்படிச் சொல்லி எண்ணெய் விற்பவர், நோயாளியின் பணத்தோடு அவருடைய வழக்கையும் கெடுக்கிறார்.

வாங்கி வந்த மகன்

படுக்கையில் இருக்கும் நோயாளி கடைத்தெருவுக்குப் போவதில்லை. மகனோ மருமகளோ வாங்கி வருகிறார். சட்டப்படி, வைத்திருந்தவரும் கொண்டு வந்தவரும் அவர்தான். 29-ஆம் பிரிவின் உடந்தைக் குற்றச்சாட்டும் சேரக்கூடும். அவரோ நோயாளியும் அல்லர், அடிமையும் அல்லர். ஆகவே 64ஏ பிரிவும் அவருக்கு உதவாது. கனடாவிலோ தாய்லாந்திலோ இருக்கும் உறவினர், அங்கே சட்டப்படி வாங்கிய எண்ணெயைப் பாட்டிக்காகப் பெட்டியில் வைத்துக்கொண்டு மும்பை விமான நிலையத்தில் இறங்கினால், அது 23-ஆம் பிரிவின் கீழ் இறக்குமதிக் குற்றம். அங்குள்ள மருத்துவர் சீட்டு இங்கே அனுமதித் தாள் ஆகாது.

இவ்வளவு வாதங்கள் இருந்தும் பெரும்பாலான சிறு வழக்குகளில் எதுவும் வாதிடப்படுவதில்லை. 2017, 2018 ஆண்டுகளில் மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வந்த போதைப்பொருள் நுகர்வு வழக்குகளை விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை கஞ்சா வழக்குகளாகவும், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்துடன் முடிந்தவையாகவும் இருந்தன. கூலி நாளை இழக்க விரும்பாதவருக்கு அது எளிய வழி. ஆனால் ஒப்புக்கொண்டது தண்டனைப் பதிவாக நிலைக்கும். கடவுச்சீட்டு, அரசு வேலை, வெளிநாட்டு விசா ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது அது தலைகாட்டும்.

வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்பது ஒப்புக்கொள்வதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

வெளியே நகரும் காற்று

2020 டிசம்பர் 2-இல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. கஞ்சாவுக்கு மருத்துவப் பயன் உண்டு என்பதற்கு வியன்னாவில் கை உயர்த்திய அரசு, உள்நாட்டுச் சட்டத்தில் அதற்கு இணையான மாற்றத்தைக் கொண்டு வரவில்லை. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் ஜம்முவில் மருத்துவக் கஞ்சாவைப் பயிரிட்டு ஆய்வு செய்துவருகிறது. உத்தராகண்ட் 2018-இல் தொழில்முறை சணல் கஞ்சா சாகுபடிக்கு உரிமம் அளித்தது. இமாச்சலப் பிரதேசம் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடியைப் பரிசீலித்து வருகிறது.

இவை யாவும் விளைவிப்பவருக்கும் ஆராய்பவருக்கும் உரியவை. செம்பூரில் ஒரு நோயாளியின் அலமாரியில் இருக்கும் புட்டிக்கு இவற்றுள் எதுவும் அனுமதித் தாள் தரவில்லை. அந்தத் தாள் வரும்வரை அவருடைய வழக்கறிஞருக்குக் கைகொடுக்கக்கூடியவை மருத்துவர் சீட்டும், விலைச்சீட்டும், கலினா ஆய்வகத்தின் அறிக்கையும், கைதின்போது எந்த மொழியில் என்ன எழுதித் தரப்பட்டது என்பதும்தான்.